கோலில் நின்றது யார்?

ஆர்டன் தோட்டம், மேல் லயம்,
கேமரன் மலை.
7 ஜனவரி 2024

அன்புத் தங்கை டெபோராவுக்கு,

மாதா புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா? இந்த மாதக் குளிர் எலும்பைத் தின்கிறது. உன் அத்தான் இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டுதான் பாக்டரிக்குப் போகிறார்.

தானா ராத்தாவில் தபால்தலை வாங்கப் போனால் கவுண்டர் பெண் கேட்கிறாள்: "இந்தக் காலத்துல யாருக்கு ஆன்ட்டி காயிதம் எழுதுறீங்க?"

"என் தங்கச்சிக்கு. மடத்துக்குள்ள போயி இருபத்தாறு வருஷம். போன் கெடையாது, வாட்ஸ்அப் கெடையாது."

"ஐயோ, பாவம்லா."

"பாவமா? அங்க உக்காந்துகிட்டே எங்க டீம் எங்க கோட்ட விட்டுச்சின்னு சொல்லுவா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் விடிவெள்ளி காற்பந்துக் கழகத்துக்கு இந்த வருடம் எழுபது வயது. உன் அத்தான் தலைவர், லோகேஸ்வரன் செயலாளர். இரண்டு பேரும் சேர்ந்து என் சாப்பாட்டு மேசையை ஆபீசாக்கிவிட்டார்கள். விழா மலர் போடப்போகிறார்களாம். அதில் கழகத்தின் கதை வர வேண்டுமாம். நம் திடல் மேட்டில் நின்று கத்துகிற கூட்டம் மொத்தமும் ஒரே குரலில், "டெபோராகிட்ட கேளுங்க" என்றது. நீ எழுது.

என் பிள்ளை ரயன் சங்கதி சொல்லாமல் முடித்தால் எனக்குத் தூக்கம் வராது. போன வாரம் பக்கத்து ஊர் கோலா தெர்லாக்காரர்களோடு சிநேக ஆட்டம். கடைசி நிமிடத்தில் அவர்களுக்குப் பெனால்டி. அடித்தவன் புனிதன். காய்கறி லோரி ஓட்டுகிறானே, பிள்ளைப் பருவத்திலிருந்து நம் ரயனோடு மல்லுக்கு நிற்கிறவன், அவன்தான். வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் அடித்தான். ரயன் முதலில் அசையவே இல்லை. பந்து கிளம்பிய பிறகுதான் பாய்ந்தான். விரல் நுனியில் தட்டிவிட்டான், டெபோரா! நான் குடையைத் தூக்கி எறிந்ததில் கம்பி வளைந்துவிட்டது. ஆட்டம் முடிந்து புனிதன் மேட்டுக்கு வந்து, "அடுத்த தடவ பாத்துக்கிறேன் ஆன்ட்டி" என்றான். "பாத்துக்கடா, கண்ணாடி போட்டுகிட்டு வா" என்றேன்.

உன் ஒரு வேளை ஜெபத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்.

உன் அக்கா
தெரசம்மாள்


மடம், ஜொகூர்.
4 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

இயேசுவின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். இடுப்பு வலி அப்படியே இருக்கிறது, நான்தான் அதற்குப் பழகிவிட்டேன். உன் முட்டி?

உன் கடிதத்தை மதருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது, வருகிற கடிதத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வது வழக்கம். பெனால்டியை விளக்கக் காய்கறித் தோட்டத்தில் இரண்டு பூசணிக்காய்களை நட்டு வைக்க வேண்டியதாயிற்று. "அந்தப் பையன் ஏன் முதலிலேயே பாயவில்லை?" என்று கேட்டார். நல்ல கேள்வி. முதலில் பாய்கிறவன் ஊகிக்கிறான், காத்திருந்து பாய்கிறவன் பார்க்கிறான். நம் பிள்ளை பார்க்கிறவன்.

மலருக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். தோட்டத்துக் கணக்கு எழுதிய பெரிய கிராணி நாகரத்தினம் ஈப்போவில் ஆட்டம் பார்த்துவிட்டு ஒரு தோல் பந்தோடு திரும்பி வந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். தேயிலை பிடிக்காத சரிவைத் துரை கொடுத்தார். வேலை முடிந்த சனங்கள் சங்கோல் மண்வெட்டியால் வெட்டிச் சமப்படுத்தினார்கள். முழுசாகச் சமமாகவில்லை. அதனால்தான் நமக்கு மேட்டுக் கோல் ஒன்று, பள்ளத்துக் கோல் ஒன்று. வெளியூர்க்காரன் டாஸ் ஜெயித்ததும் ஆசைப்பட்டு முதல் பாதியில் பள்ளத்தை நோக்கி அடிப்பான். இரண்டாம் பாதியில் ஏற்றத்தில் ஓட முடியாமல் நாக்குத் தள்ளும்.

மூடுபனி இறங்கினால் நம் ஆட்கள் எதிரியின் கோலுக்குப் பின்னால் நின்று மண்ணெண்ணெய் டின்னைத் தட்டுவார்கள், ஞாபகமா? கண்ணுக்குத் தெரியாத கோலைக் காதால் கண்டுபிடித்து அடித்த ஒரே அணி நாம்தான். 1986இல் கோப்பை வாங்கிய அன்று என் இரண்டு செருப்பும் தொலைந்தன. அதற்கு முன்னும் பின்னும் நாம் எதையும் ஜெயித்ததில்லை என்பதையும் எழுதத்தான் போகிறேன். பெர்த்தாம் பள்ளத்தாக்கைச் சேறு மூடிய வருடம் அந்த ஊர் அணிக்குத் திடல் இல்லாமல் போனதையும், ஒரு சீசன் முழுக்க நம் திடலில் ஆடவிட்டதையும் நீ எழுதித்தான் நான் தெரிந்துகொண்டேன். அதுவும் மலரில் வரும்.

பதினான்காம் தேதி சாம்பல் புதன். தவக்காலம் முழுக்க எங்களுக்குக் கடிதம் எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது. வருவதை மதர் பெட்டிக்குள் வைத்துவிடுவார். மார்ச்சில் கோலா தெர்லாவோடு லீக் ஆட்டம். முடிவு தெரியாமல் இருப்பதுதான் இந்த வருடம் என் தவம். எழுதி அனுப்பி வை, பெட்டியில் எனக்காகக் காத்திருக்கட்டும்.

அத்தானுக்கும் ரயனுக்கும் என் அன்பு.

டெபோரா


மடம், ஜொகூர்.
31 மார்ச் 2024, உயிர்ப்பு ஞாயிறு

அன்புள்ள அக்கா,

அல்லேலூயா! உன் வீட்டிலும் இன்று நல்ல சமையல் மணக்கும் என்று நினைக்கிறேன்.

பூசை முடிந்ததும் மதர் பெட்டியைத் திறந்தார். எல்லாருக்கும் கடிதம் இருந்தது. உன்னிடமிருந்து மட்டும் இல்லை. தபாலில் தொலைந்ததா? இல்லை, தோற்றுப்போனோமா? தோற்றிருந்தால் பரவாயில்லை, எழுதிவிடு. மலருக்கான பக்கங்கள் கிட்டத்தட்ட முடிந்தன. எழுபதாம் ஆண்டு அணியைப் பற்றி எழுதத்தான் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே எழுது.

டெபோரா


ஆர்டன் தோட்டம்,
கேமரன் மலை.
18 ஏப்ரல் 2024

அன்புள்ள சகோதரி டெபோராவுக்கு,

கர்த்தரின் கிருபையால் இங்கு அனைவரும் நலம். உன் நலத்துக்காக மன்றாடுகிறோம்.

வேலை அதிகம், எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள். கோலா தெர்லா ஆட்டம் பாதியில் நின்றுவிட்டது. மழை. பிறகு பெர்த்தாம் அணியோடு ஆடினோம், ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். நடு ஆட்டக்காரர்கள் நன்றாகத்தான் ஓடினார்கள். பின்வரிசையும் மோசமில்லை. நேரம் சரியில்லை, அவ்வளவுதான்.

அத்தான் தலைவர் பதவியை விட்டுவிட்டார். திடல் ஷெட்டுச் சாவி லோகேஸ்வரனிடம் இருக்கிறது. மலர் இப்போதைக்கு வராது. நீ எழுதுவதை நிறுத்திக்கொள்ளலாம்.

ரயன் இப்போது ஈப்போவில் இருக்கிறான்.

ஜெபத்தில் நினைத்துக்கொள்.

தெரசம்மாள்


மடம், ஜொகூர்.
5 மே 2024

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் நீ உண்மையைச் சொல்லமாட்டாய் என்று தெரிவதால் கேட்கப் பயமாக இருக்கிறது.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். என்னைச் 'சகோதரி' என்று நீ எழுதியதே இல்லை. நான் இந்த மடத்துக்குள் வந்த நாளில்கூட "டெபோரா, கதவ மெதுவா சாத்து" என்றுதான் சொன்னாய்.

ஐந்து கோல் வாங்கியிருக்கிறோம். நடு ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதியிருக்கிறாய், பின்வரிசையைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஒரு பெனால்டியைத் தடுத்ததற்கு அரைப்பக்கம் எழுதிய நீ, ஐந்து பந்து உள்ளே போனதற்குக் கீப்பரைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நம் சரிவில், நம் பள்ளத்துக் கோலில், ரயன் நின்றால் ஐந்து போகாது. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

அன்றைக்குக் கோலில் நின்றது யார், அக்கா?

தோட்டத்து முகவரியை எழுதிவிட்டு ஈப்போவில் தபால் போட்டிருக்கிறாய். உறையில் முத்திரை இருக்கிறது. ரயனுக்கு என்ன?

டெபோரா


ஈப்போ.
11 மே 2024

டெபோரா,

யாரும் சுகமில்லை. அதனால் சுகம் விசாரிக்கிற வரியை விட்டுவிடுகிறேன்.

மார்ச் முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமை. தூறல். இரண்டாம் பாதி, இன்னும் கோல் விழவில்லை. ரயன் பள்ளத்துக் கோலில் நின்றான். ஓரத்திலிருந்து பந்து குறுக்கே வந்தது. புனிதன் இறக்கத்தில் ஓடி வந்தான். அந்தச் சரிவில் கிளம்பினவன் நினைத்தாலும் நிற்க முடியாது. ரயன் அவன் காலடியில் பாய்ந்தான். இரண்டு பேரும் உருண்டார்கள். ரயனின் தலை இரும்புக் கம்பத்தில் மோதியது. அந்தச் சத்தம் மேட்டுக்குக் கேட்டது. பந்து எங்கே போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை.

தானா ராத்தாவில் பார்த்துவிட்டு உடனே ஈப்போவுக்கு அனுப்பினார்கள். மலைப்பாதை வளைவு ஒவ்வொன்றிலும் நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மண்டையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். ரத்தம் வேண்டும் என்றதும் மேட்டுக் கூட்டம் பாக்டரி லோரியில் ஏறி வந்துவிட்டது. வயதான இராசம்மாக்காகூட வந்து, "எங்கிட்டயும் எடுங்க" என்று நர்சோடு சண்டை போட்டார். பெர்த்தாம்காரர்கள் தனியாக ஒரு வேனில் வந்தார்கள். யாருக்கும் நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

குருத்து ஞாயிறன்று கண் திறந்தான். கை கால் அசைக்கிறான். எங்களைப் பார்த்தால் தெரிகிறது. ஆனால் பேச்சு இல்லை, டெபோரா. வருகிற ஒன்றிரண்டு வார்த்தையும் மாறி வருகிறது. தண்ணீர் வேண்டுமென்றால், காலில் மாட்டுகிற "சப்பாத்து" என்கிறான். என்னை ஒருநாள் "ரெஃப்ரி" என்றான். தப்பாகச் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரிகிறது, அதுதான் கொடுமை. சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறான். இப்போது அதையும் நிறுத்திவிட்டான். டாக்டர், "வரலாம், நாளாகும்" என்கிறார். வராமலும் போகலாம் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். மடத்து போன் நம்பர் என் பையில் இருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? அப்பா போனபோது நீ சுவருக்கு அந்தப் பக்கம். அம்மா போனபோதும் அந்தப் பக்கம். நான் அழுவதை நீ தவக்காலம் முடிந்த பிறகு படிப்பாய். எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் தேவைப்பட்டது, ஜெபம் இல்லை.

அந்தப் புனிதன் லோரியில் காய்கறி இறக்கிவிட்டு வாரம் இரண்டு தடவை வந்து வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான். தக்காளிப் பையை நர்சிடம் கொடுக்கிறான். நான் அவனை உள்ளே விடவில்லை. விடவும் மாட்டேன். அத்தான் பேசுவதே இல்லை. நான் இனி அந்தத் திடலில் கால் வைக்கமாட்டேன். கழகம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

கோலில் நின்றது யார் என்று கேட்டாயே. பாக்டரியில் வேலை செய்யும் நேப்பாளப் பையன். அவன் மேல் குற்றமில்லை.

தெரசம்மாள்


மடம், ஜொகூர்.
17 மே 2024

அக்கா,

இன்று கடித நாள் இல்லை. மதர் அனுமதி கொடுத்திருக்கிறார். நேற்று போனைக் கையில் கொடுத்ததும் அவர்தான். நீ "அலோ" என்றாய். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதோம். "வரட்டுமா அக்கா?" என்று கேட்டேன். "இப்ப வந்து என்ன செய்யப்போற" என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நீ தனியாக நின்றாய். அது உண்மை. அதை நான் எந்த ஜெபத்தாலும் மாற்ற முடியாது. நீ கோபப்பட்டது நல்லது. இருபத்தாறு வருடமாக எழுதாததை எழுதிவிட்டாய். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். இந்தத் தடவை செய்தியை நிறுத்தியது மடத்துச் சுவர் இல்லை, நீதான். என்னிடம் சொல்லியிருந்தாலும் தவக்காலத்தில் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாமல் போயிருக்கும். ஆனால் அவன் கண் திறக்காத அத்தனை நாளும் நான் இங்கே பூசணிக்கொடிக்குப் பந்தல் கட்டிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கமாட்டேன். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

இன்னொன்று. இதை நான் கன்னியாஸ்திரியாகச் சொல்லவில்லை, மேட்டில் உன் பக்கத்தில் நின்று கத்தினவளாகச் சொல்கிறேன். குறுக்கே வருகிற பந்துக்கு ஸ்டிரைக்கர் போகாமல் இருப்பானா? நம் ஆள் ஒருவன் அந்தப் பந்துக்குக் காலைப் பின்னுக்கு இழுத்திருந்தால் நீயும் நானும் அவனை என்ன திட்டுத் திட்டியிருப்போம்? புனிதன் பந்துக்குப் போனான். ரயனும் பந்துக்குப் போனான். நடந்தது அவ்வளவுதான்.

அவனை உள்ளே விடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நினைத்துப் பார்.

ரயனின் பெயரை இங்கே எல்லாரும் அறிவார்கள். விடியற்காலையில் அவனுக்காகத்தான் எழுந்திருக்கிறோம்.

டெபோரா


ஈப்போ.
2 ஜூன் 2024

டெபோரா,

கடிதம் கிடைத்தது. கோபமில்லை. கை சோர்ந்திருக்கிறது.

ரயன் மெல்ல நடக்கிறான். பேச்சு இன்னும் இல்லை. பயிற்சி கொடுக்கிற பெண் படங்களைக் காட்டுகிறாள். பூனை, குடை, மோட்டர். அவன் வாயைத் திறப்பதில்லை. பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறான்.

நீ எழுதியதை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு வெளியே போய் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். புனிதன் ரொம்ப இளைத்துவிட்டான்.

நான் இன்னும் நினைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அக்கா


ஆர்டன் தோட்டம், மேல் லயம்,
கேமரன் மலை.
6 ஜூலை 2024

என் தங்கமே, டெபோரா!

சுகம், சுகம், எல்லோரும் சுகம்! இந்த வரியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். வீட்டிலிருந்து எழுதுகிறேன். ரயன் பக்கத்து அறையில் தூங்குகிறான். முடி வளர்ந்து முள்ளம்பன்றி மாதிரி இருக்கிறான்.

எப்படி என்று கேள். ஜூன் நடுவில் ஒருநாள் புனிதன் வழக்கம்போல வந்து உட்கார்ந்தான். மழையில் நனைந்திருந்தான். துண்டுகூட இல்லை. என்ன தோன்றிற்றோ, கதவைத் திறந்து, "உள்ள வா. அஞ்சு நிமிஷம்தான்" என்றேன்.

வந்தவன் கட்டிலின் கால்மாட்டில் நின்று தலையைக் குனிந்துகொண்டான். ரயன் அவனையே பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்காமல் அத்தான்தான், "லீக்குல அந்த ஆட்டத்த மறுபடி ஆடணும்னு சொல்லிட்டாங்களாம்லா" என்றார். மூன்று மாதத்தில் அவர் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான்.

புனிதனுக்குப் பதற்றம். பதற்றம் வந்தால் அவன் வாய் சும்மா இருக்காது, உனக்குத் தெரியாதா. "எதுக்கு அங்கிள் மறுபடி? பந்து உள்ளதான போச்சு. ஒண்ணுக்கு சைபர். நாங்கதான் ஜெயிச்சோம்" என்று உளறிவிட்டான். உளறியதும் வாயைப் பொத்திக்கொண்டான். வெளியே போடா என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது கட்டிலிலிருந்து, "இல்ல" என்று சத்தம் வந்தது.

திரும்பிப் பார்த்தோம். ரயன் எழுந்து உட்கார்ந்திருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "கோல்... கோல் இல்ல. பந்து... பந்து என் கைல இருந்துச்சு. கைல இருந்துச்சுடா, மடையா!"

டெபோரா, அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

"என்ன சொன்ன?" என்றான் புனிதன்.

"கோல் இல்ல."

"சரிடா. கோல் இல்லடா. சத்தியமா கோல் இல்ல" என்று புனிதன் சிரித்தான், சிரிக்கும்போதே தேம்பித் தேம்பி அழுதான். நான் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகு அந்த ஈரத்தலையை இழுத்துக் கட்டிக்கொண்டேன். நர்ஸ் ஓடிவந்து, "என்ன சண்டை இங்க?" என்றாள். அத்தான், "சண்டதான், சண்டதான்" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாளே எல்லாம் வந்துவிடவில்லை. இன்னும் சில வார்த்தைகள் வழுக்குகின்றன. ஆனால் வாயைத் திறந்துவிட்டான். படம் காட்டுகிற பெண் புனிதனைக் கூப்பிட்டு, "நீங்க அடிக்கடி வந்து இவர்கிட்ட சண்ட போடுங்க" என்று சொல்லிவிட்டாள். வந்தான், லோரி நிறுத்த இடமில்லாமல் தவித்தாலும் வந்தான். ஜூன் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். லயத்து வாசலில் பக்கத்து வீட்டு மாரியம்மா ஆரத்தியோடு நின்றாள், மாதா கோயில் சாமியார் தீர்த்தத்தோடு நின்றார். இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

இனிக் கோலில் நிற்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரயன் கேட்டுத் தலையாட்டினான். அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டான்.

உன்னிடம் கடுமையாக எழுதினேன். எழுதியதை அழிக்கமாட்டேன், நீயும் அழிக்கச் சொல்லமாட்டாய். ஆனால் கதவைத் திறந்த அன்று உன் கடிதம் என் ரவிக்கைக்குள்தான் இருந்தது.

உன் அக்கா


மடம், ஜொகூர்.
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

அல்லேலூயாவைத் தவிர வேறு வாழ்த்து கிடைக்கவில்லை. உயிர்ப்புத் திருநாள் இந்த வருடம் எங்களுக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது.

உன் கடிதத்தைப் பொழுதுபோக்கு நேரத்தில் எல்லாருக்கும் சொன்னேன். 'மடையா' என்கிற இடத்தில் நிறுத்தி அழுதுவிட்டேன். அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார்கள், சொன்னேன், கை தட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் சிரிப்பு. மதர் மெதுவாகக் கேட்டார்: "சரி, அது கோலா, இல்லையா?" மடம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கீப்பரின் கையில் பந்து இருந்தால் கோல் இல்லை என்று ஒரு கட்சி. கோட்டைத் தாண்டிவிட்டால் கை எங்கே இருந்தால் என்ன என்று இன்னொரு கட்சி. மௌன நேரத்து மணி அடித்த பிறகும் கண்ணாலேயே வாதாடினார்கள்.

மலருக்கு எழுதியதை லோகேஸ்வரனுக்கு அனுப்பிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் ரத்தம் கொடுக்க வந்த லோரியையும் பெர்த்தாம் வேனையும் எழுதியிருக்கிறேன். நம் கழகம் ஜெயித்தவற்றைச் சேர்த்தால் ஒரு பத்தி தேறாது. இதைச் சேர்த்த பிறகு எழுபது வருடத்துக்கு ஈடாக இருக்கிறது.

திடலுக்குப் போ என்று நான் சொல்லமாட்டேன். போனால் குடையை மட்டும் எறியாதே.

ரயனிடம் சொல், அவன் கையெழுத்தில் ஒரு வரி எழுதட்டும். ஒரு வரி போதும்.

டெபோரா


ஆர்டன் தோட்டம், மேல் லயம்,
கேமரன் மலை.
20 செப்டம்பர் 2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

ரயன் எழுதுகிறேன். நான் நலம். நீங்கள் நலமா? அம்மா எழுதவில்லையே என்று பயப்பட வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. பிழை இருந்தால் மண்டையை மன்னித்துவிடுங்கள்.

பதினாறாம் தேதி, மலேசிய தினத்தன்று எழுபதாம் ஆண்டு விழா. அன்றைக்கே கோலா தெர்லாவோடு மறு ஆட்டம். அப்பா முந்தின நாள் யாரிடமும் சொல்லாமல் திடலுக்குப் போயிருக்கிறார். தடியான பழைய மெத்தைகளை வெட்டி, நான்கு கம்பங்களிலும் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிவிட்டார். லோகேஸ்வரன் அங்கிள் பார்த்துவிட்டு, "தலைவரே, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று கொடுத்தாராம். அப்பா வாங்கிக்கொண்டார்.

கோலில் நேப்பாளத்து அண்ணன் நின்றார். நான் கம்பத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இரண்டு மாதமாக அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை அவசரத்தில் "வலது" என்று கத்த நினைத்து "வியாழக்கிழமை" என்று கத்திவிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாததால் நஷ்டமில்லை. என் கையைப் பார்த்து வலது பக்கம்தான் பாய்ந்தார்.

அங்கே உட்கார்ந்திருந்தது முதலில் கஷ்டமாக இருந்தது, சின்னம்மா. பந்து வரும்போதெல்லாம் என் கால் தானாக எழும்பியது. அதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். பாதி ஆட்டத்துக்குப் பிறகு கொஞ்சம் பழகிவிட்டது.

முதல் பாதியில் புனிதன் கோல் போட்டான். இந்தத் தடவை கோல்தான், நானே ஒத்துக்கொள்கிறேன். போட்டுவிட்டு ஆடாமல் என் பக்கம் பார்த்தான். "என்னடா பாக்குற? ஆடுடா!" என்றேன். ஆடினான். நன்றாக ஆடத் தெரியவில்லை.

அம்மா வரமாட்டேன் என்று காலையிலிருந்தே அடுப்படியில் இருந்தார். பிரியாணி கிண்ட வேண்டும், விழாச் சாப்பாடு என்றார். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மேட்டில் ஒரு குடை விரிந்தது. கரண்டியைக்கூட வைக்காமல் வந்திருக்கிறார். முதலில் சும்மா நின்றார். நம் ஆளை ஒருத்தன் பின்னாலிருந்து இழுத்தான், ரெஃப்ரி விசில் அடிக்கவில்லை. அவ்வளவுதான். "யோவ் ரெஃப்ரி! கண்ண எங்கய்யா அடகு வச்ச?" என்று ஒரு சத்தம். கீழே பாக்டரிக்குக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. மேட்டுக் கூட்டம் மொத்தமும் அவருக்குப் பின்னால் கத்தியது. கடைசி நிமிடத்தில் சமன் செய்தோம். ஒன்றுக்கு ஒன்று. புள்ளிக்கணக்கில் லீக் கோப்பை பெர்த்தாமுக்குப் போய்விட்டது. நம் ஆட்கள் ஜெயித்த மாதிரி அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள்.

உங்கள் எழுத்தை லோகேஸ்வரன் அங்கிள் மைக்கில் வாசித்தார். பெர்த்தாம்காரர்கள் எழுந்து நின்றார்கள். பிரியாணி கொஞ்சம் அடி பிடித்திருந்தது. யாரும் சொல்லவில்லை, மிச்சமும் வைக்கவில்லை.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். கத்திய கத்தலில் அம்மாவுக்குத் தொண்டை போய்விட்டது. காற்றுத்தான் வருகிறது. உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறார், மஞ்சள் பால் குடிக்கிறார், எனக்கு என்ன எழுத வேண்டும் என்று கையாலேயே சொல்கிறார். அப்பா எப்போதுமே பேசமாட்டார், உங்களுக்குத் தெரியும். அதனால் சின்னம்மா, நாலு நாளாக இந்த வீட்டில் பேசுகிற ஒரே ஆள் நான்தான்.

உங்கள் அன்பு மகன்
ரயன்